ஊட்டிய கை

இந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா? வெயில் கண்ணில் அடிக்கிறது. நானே இறக்கிவிடுவேன், கை இப்படி இருக்கிறது.

பார்த்துவிட்டீர்கள். பரவாயில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள். சற்றுமுன் கண்டக்டரும் பார்த்தான். "தறியில மாட்டிருச்சுங்களா?" என்று கேட்டான். பள்ளிபாளையத்தில் ஏறுகிறவள் விரலில் கட்டோடு இருந்தால் தறி என்றுதான் நினைப்பார்கள். தறி இல்லை. ஒரு பெண் கடித்தது. பதினாறு வயதுப் பெண். பதினொன்றாம் வகுப்பு, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. சீழ் வைத்து, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

அவள் கடிக்கும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சாந்தாமணி. ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். இருபத்திரண்டு வருஷமாக. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. விடுதியில் எனக்கு ஒரு அறை, ஒரு இரும்புக் கட்டில். அதுதான் என் வீடு.

இந்தப் பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. 'என் மகள் விஷயத்தில் வார்டன்மேல் எனக்குப் புகார் ஏதும் இல்லை' என்று பள்ளிக்கூடத்திலேயே டைப் செய்து கொடுத்தார்கள். அடியில் பெண்ணின் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். புகார் கொடுத்தது அவள்தான். நாளை காலை பத்து மணிக்கு நாமக்கல்லில் குழந்தைகள் நலக் குழு விசாரணை. "கையெழுத்தோட வந்தீங்கன்னா நாங்க உங்க பக்கம் நிக்கறோம். இல்லாட்டி ரூமைக் காலி பண்ணிட்டு நேரா அங்கயே போயிருங்க" என்று கரஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் 'சாந்தாமணி இல்லைன்னா இந்த ஹாஸ்டலே இல்லை' என்று சொன்ன மனுஷன்.

அதற்காகத்தான் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் என் நியாயம் உங்களுக்குப் புரியும்.

அறுநூற்று நாற்பது பிள்ளைகள். அவ்வளவு பேரும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். ஒரு மேஜைக்கு எட்டுப் பேர். நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். எட்டுத் தட்டும் காலியாக வேண்டும். ஒருத்தி மிச்சம் வைத்தால் எட்டுப் பேரும் எழுந்திருக்கக் கூடாது. நான் ஒருத்தி அறுநூற்று நாற்பது தட்டைப் பார்க்க முடியுமா? ஏழு பேர் ஒருத்தியைப் பார்த்துக்கொள்வார்கள். கிள்ளுவார்கள், முறைப்பார்கள், 'தின்னுடி' என்று அழுத்துவார்கள். சாப்பாடு உள்ளே போய்விடும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள் இதை.

மாதம் ஒரு முறை எடை பார்ப்போம். மார்க்கோடு எடையும் வீட்டுக்குப் போகும். பெற்றவர்கள் மார்க் குறைந்தால் பிள்ளையைத் திட்டுவார்கள், எடை குறைந்தால் எங்களைத் திட்டுவார்கள்.

கனிஷ்கா என்று பெயர் அவளுக்கு. ஜூன் மாதம் அவள் அம்மா கொண்டுவந்து விட்டாள். மேனகா. வீட்டு முன்னாலேயே நாலு தறி ஓட்டுகிறவள், பேச்சு மெதுவாகத்தான் வரும். என்னிடம் தனியாக வந்து, "சோறும் கொழம்பும் ஒண்ணோட ஒண்ணு தொடாம வெச்சுக் குடுத்தீங்கன்னா எல்லாம் சாப்டுருவாளுங்க. தொட்டுதுன்னா கை வெக்க மாட்டா. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க" என்றாள். பையிலிருந்து ஒரு தட்டு எடுத்தாள். ரயிலில் கொடுப்பார்களே, குழி குழியாகத் தடுத்த எவர்சில்வர் தட்டு.

நான் சிரித்தேன். "இங்க வந்தா எல்லாம் சரியாயிரும். நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். தட்டை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டேன். ஒருத்திக்குத் தனித் தட்டு கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களா இல்லையா?

நன்றாகப் படித்தாள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திமிர். நம் ஊர்ப் பக்கத் திமிர் எனக்குத் தெரியும், வாயாடும். இவளுடையது வேறு மாதிரி. அடக்கமான திமிர். ஒரு நாள் காலைப் படிப்புக்கு நேரம் கழித்து வந்தாள். "மணி என்ன ஆச்சு தெரியுமா?" என்றேன். "ஏழு பதினாறு, மேம்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தன. ஒரு அறை விட்டேன். இன்னொரு நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "மனசுல என்னடி நினைச்சுக்கிட்டிருக்கே?" "அந்த ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குங்குது மேம், அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." சொல்லுங்கள், கை சும்மா இருக்குமா?

அடித்தால் அழ மாட்டாள். அடி விழுந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்பதுபோல நிற்பாள். அதுதான் எனக்கு ஆகாது. அழுதால் விட்டுவிடுவேன். எத்தனையோ பிள்ளைகளை அழுத உடனே கட்டிப் பிடித்திருக்கிறேன். இவளைக் கட்டிப் பிடித்தால் பலகை மாதிரி விறைத்துக்கொள்வாள்.

அவளோடு ஒரே அறையில் மிருதுளா என்று ஒருத்தி. அவள் வந்து, "மேம், இவ என்னை மாதிரியே சிரிக்கறா மேம்" என்று புகார் சொன்னாள். நான் கவனித்தேன். உண்மைதான். மிருதுளா வாயில் கை வைத்துத் தோளைக் குலுக்கிச் சிரிப்பாள். இவளும் அதே மாதிரி கை, அதே மாதிரி தோள், அரை நொடி தள்ளி. கேலி செய்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அரை நாள் முட்டி போட வைத்தேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை. பிள்ளைகள் 'ரோபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை நான் கண்டித்தேன். பட்டப்பெயர் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்துக்கு எல்லாருக்கும் கடைசியாக வருவாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பாள். தட்டுச் சத்தம் ஆகாதாம். தறிச் சத்தத்திலேயே பிறந்து, தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவளுக்குத் தட்டுச் சத்தம் ஆகாது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? நடிப்பு என்று முடிவு கட்டினேன். கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைப்பேன். வெறும் சோறு ஒரு கைப்பிடி தின்பாள். குழம்பு பட்டுவிட்டால் அதுவும் இல்லை.

ஜூனில் நாற்பத்தெட்டுக் கிலோ. அக்டோபரில் நாற்பத்தொன்று. அவள் அப்பா கரஸ்பாண்டென்டுக்குப் போன் போட்டு, "சோறு போடறீங்களா, இல்ல தண்ணி காட்டி வளக்கறீங்களா?" என்று கத்தியிருக்கிறார். கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு மெடிக்கல் சீட்டு வாங்கற பொண்ணு. அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா உங்களைத்தான் கேப்பேன். பதினஞ்சாம் தேதிக்குள்ள ரெண்டு கிலோ ஏத்துங்க."

அன்று பதினொன்றாம் தேதி. வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாடு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், மோர். மற்ற மேஜைகள் எல்லாம் சாப்பிட்டு, தட்டுக் கழுவி, வகுப்புக்குப் போய்விட்டன. இவள் மேஜை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஏழு தட்டு காலி. இவள் தட்டு நிறைய. குழம்பு ஓடிவந்து சோற்றைத் தொட்டுவிட்டது, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம். இரண்டு மணிக்கு அவர்களுக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

அந்த மேஜைக்குத் தலைவி பிரதீபா. வாட்டசாட்டமான பெண், கபடி ஆடுவாள். அவள்தான், "மேம், தினமும் இவளால எங்களுக்கு லேட் மேம். நீங்க ஊட்டிவிட்டுருங்க, நாங்க பிடிச்சுக்கறோம்" என்றாள். பாதி விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கோபத்தில் செய்தேன் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். கோபமே இல்லை. கை கழுவினேன். என் அறையிலிருந்து என் நெய்ப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன், சுடுசோறு புதிதாகப் போடச் சொன்னேன். குழம்பு ஊற்றி, நெய் விட்டு, கட்டியில்லாமல் பிசைந்தேன். எனக்கென்று ஒரு பிள்ளை இருந்திருந்தால் எப்படிப் பிசைவேனோ அப்படி. அறுநூற்று நாற்பது பேரில் வேறு யாருக்காவது இதைச் செய்திருக்கிறேனா?

பிரதீபா ஒரு கையையும் இன்னொருத்தி மறு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தலையைப் பிடித்தாள். ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். மருந்து குடிக்காத குழந்தைக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். முதல் உருண்டை உள்ளே போனது. துப்பினாள், என் சேலை முழுக்க. இரண்டாவதைத் துப்பாமலிருக்க விரலால் உள்ளே தள்ளினேன். கண் இரண்டும் பிதுங்கி, உடம்பு முழுக்க உதறியது. கால் மேஜையை உதைத்து உதைத்து மோர் டம்ளர் உருண்டது. "இன்னும் நாலே நாலு உருண்டை, கண்ணு" என்றேன். மூன்றாவதை எடுத்து உள்ளே வைத்தேன்.

கடித்தாள்.

பல் எலும்பில் இறங்குவது காதில் கேட்காது. கை வழியாக ஏறி, தோளில் வந்து கேட்கும். இழுக்க முடியவில்லை. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடின. பக்கத்தில் குழம்பு வாளி இருந்தது, அதில் கரண்டி. இடது கையால் எடுத்தேன். ஒன்று போட்டேன், தோளில். வாயை விடட்டும் என்றுதான். விடவில்லை. இன்னொன்று. அப்புறம் விட்டாள். விட்ட பிறகு அடித்ததெல்லாம் எனக்கு நினைவில்லை. வலியில் யாருக்குத்தான் நினைவிருக்கும்? தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததாம். இரும்புக் கரண்டி, அதுதான்.

ஆனால் நெற்றியில் போட்ட ஏழு தையலுக்கு நான் பொறுப்பில்லை. அது அவளே செய்துகொண்டது. மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய், கை கழுவும் தொட்டிச் சுவரில் தலையை மோதினாள். ஒரே சீராக. கடிகாரம் மாதிரி. வாயில் சோறு, ரத்தம், என் ரத்தம், அவள் ரத்தம், நெய். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஆயா ஓடிவந்தாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு ஜமுக்காளத்தை மடித்து, சுவருக்கும் அந்தத் தலைக்கும் நடுவில் வைத்தாள். அவளைத் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, அவளுக்கு அது எப்படித் தோன்றியதோ.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. என் விரலைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாக்காரி வந்து பார்த்தாள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாள், குழந்தைகளுக்கான அந்த நம்பருக்குப் போன் போட்டாள். பிரதீபா, நான் ஊட்டி வளர்த்த மாதிரி வைத்திருந்த பிரதீபா, "மேம் பிடிக்கச் சொன்னாங்க, பிடிச்சோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். யோசனை சொன்னதே அவள்தான்.

அந்தக் குழு அனுப்பி, சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு. கைத்தறிச் சேலை, காதில் ஒன்றும் இல்லை. கனிஷ்காவை அவர்கள் வீட்டுக்கே போய் மூன்று நாள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பிரின்சிபால் அறையில் என்னை உட்கார வைத்து, "அந்தப் பொண்ணுக்கு ஆட்டிசம் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்கு ஆட்டிசம் தெரியாதா? என் சித்தி மகள் பையனுக்கு இருக்கிறது. பேச்சு வராது, கையை உதறிக்கொண்டே இருப்பான். "ஏங்க, இவ பேசறா, எழுதறா, கிளாஸ்ல முதல் மார்க்கு வாங்கறா. பதினாறு வயசுக்கு மேல அது எங்கிருந்துங்க வரும்?" என்றேன்.

"புதுசா வரலைம்மா. பொறந்ததுல இருந்து இருக்கு. யாரும் பார்க்கலை, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சில பிள்ளைங்க நல்லாப் பேசும், படிக்கும். பொண்ணுங்க நிறையப் பேர் மத்தவங்களைப் பார்த்துப் பார்த்து, எப்படிச் சிரிக்கணும், எங்க பார்க்கணும்னு கத்துக்கிட்டு அப்படியே நடந்துக்குவாங்க. நாள் பூரா அதைச் செய்யறது பெரிய பாரம்மா. அதுக்கு மேல சத்தம், வாசனை, தொடறது. ஒரு இடத்துல உடைஞ்சிரும். நீங்க பார்த்தது அந்த உடைஞ்ச இடத்தை."

"தறிச் சத்தத்துல வளர்ந்தவளுங்க."

"தறி ஒரே மாதிரி அடிக்கும். அடுத்த அடி எப்ப வரும்னு அவளுக்குத் தெரியும். உங்க தட்டு எப்ப எங்க விழும்னு யாருக்குத் தெரியும்?"

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "எத்தனை பிள்ளைங்கம்மா உங்க ஹாஸ்டல்ல?"

"அறுநூத்தி நாப்பது."

"நூறு பேர்ல ஒருத்தர்னு வெச்சாக்கூட ஆறு பேர் இருக்கணும். எத்தனை பேரைத் தெரியும் உங்களுக்கு?"

"ஒருத்திகூட இல்லீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்திகூட வரலை."

"வந்திருப்பாங்க. நீங்க வேற பேர் வெச்சிருப்பீங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு பேராம். எனக்கா பிள்ளைகளைத் தெரியாது? இடக்குப் பிடித்த பிள்ளைகள் வருஷத்துக்கு நாலைந்து வரத்தான் செய்யும். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள், தையல் குத்துகிறதாம். அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் ஒழுங்காக மாட்ட வைத்தேன், அப்புறம் திருப்பிப் போடவே இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிற ஒருத்தி இருந்தாள். ஸ்கேலால் விரல் முட்டியில் இரண்டு வைத்தேன், நின்றது. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள் ஒருத்தி. தாடையைப் பிடித்து என் கண்ணைப் பார்க்க வைப்பேன், தினமும், ஒரு மாதம். கடைசியில் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டும், ஆனால் பார்ப்பாள். அவள்தான் பிறகு லீவுக்கு வீட்டுக்குப் போனபோது ஏதோ செய்துகொண்டாள். பிழைத்துவிட்டாள். அது வீட்டில் நடந்தது, விடுதியில் இல்லை. இப்படி எத்தனையோ பேர். எல்லாரையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒருத்தியும் என்னிடம் வரவில்லை.

எனக்கும் சின்ன வயதில் வெண்டைக்காய் ஆகாது. அந்த வழவழப்பு நாக்கில் பட்டால் உடம்பே கூசும். அப்பா தூணில் கட்டிவைத்துத் தின்ன வைத்தார். நான் என்ன கெட்டா போய்விட்டேன்? இன்றைக்கும் விடுதியில் வெண்டைக்காய் நாளில் நான் சாப்பிடுவதில்லை. அது வேறு விஷயம்.

இன்றைக்குக் காலையில் போனேன். மேனகா தறிக்குள் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க" என்றாள். பகையாளியாக இருந்தாலும் வாங்க என்றுதானே சொல்ல வேண்டும். தறியை நிறுத்தவில்லை. நான் கத்திக் கத்திப் பேசினேன். என் விரலைக் காட்டினேன். அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றேன். "உங்க வீட்டுக்காரர் சரின்னுட்டாருங்க, நீங்க போட்டா முடிஞ்சுது. நாளைக்கு உங்க பொண்ணையும் அங்க கூட்டிக்கிட்டுப் போய் நாலு பேர் முன்னால நிறுத்தணுமா?" என்றேன்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக. பிறகு சொன்னாள்: "நானுந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். அந்தத் தட்டை நீங்க வாங்கி வெச்சப்பவே கூட்டிக்கிட்டு வந்திருக்கோணும். வார்டன் சொன்னாச் சரியா இருக்கும்னு வந்துட்டேன்."

நான் கடிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

"அவளுக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்குதுங்க. ஒரு மாசமா என்கிட்ட அதையேதான் கேக்கறா. காத்தால எந்திரிச்சா அது, சாப்பிட்டா அது. எனக்குப் பதில் தெரியாதுங்க. நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா நான் போட்டுத் தாரேன். எனக்கு இந்த விசாரணையெல்லாம் வேண்டாம், அவ மனசு ஆறுனாப் போதும்."

பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள். என் உயிர் திரும்பி வந்தது. 'ஏன் அடிச்சீங்க' என்றுதானே கேட்கப் போகிறாள்? அதற்கு என்னிடம் நூறு பதில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று பார்க்கத்தான் கனிஷ்கா வெளியே வந்தாள். கையைத் துணியில் தொங்கவிட்டுக் கழுத்தில் கட்டியிருந்தது. முன் தலையில் தையலுக்காக மழித்த இடத்தில் முள் முள்ளாக முடி. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தாள். "விரல் எவ்வளவு போச்சு, மேம்?"

"மேல் கணு."

"சரி." கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஸாரி மேம். வாய்ல இருந்தது விரல்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா வாயைத் திறக்க முடியலை. நீங்க அடிச்சது, நான் கடிச்சதுக்கு. அது எனக்குப் புரிஞ்சிருச்சு."

"அப்புறம் என்ன கண்ணு கேக்கணும்?" என்றேன்.

"நான் வேண்டாம்னு சொன்னேன். சாப்பாட்டு ஹால்ல சத்தமா இருக்கும். அங்க யார் பேசறதும் எனக்குக் கேட்காது. எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்துரும். உங்களுக்கும் அப்படித்தானா, மேம்? நான் சொன்னது சத்தத்துல உங்களுக்குக் கேட்கலையா?"

அம்மாக்காரி என்னைப் பார்த்தாள். "கேக்கலைன்னா அது குத்தமில்லைங்க" என்றாள். "கேக்காததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? நான் போட்டுடறேன்." கடிதத்தைத் தறிக் கட்டைமேல் விரித்து வைத்தாள்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு வார்த்தை. 'கேட்கலை கண்ணு.' அவ்வளவுதான். நாக்கைப் புரட்டினால் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் பெற்றவர்களிடம் எத்தனை சொல்லியிருக்கிறேன், கீழே விழுந்துட்டா, பாத்ரூம்ல வழுக்கிருச்சு என்று. கண் இமைக்காமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் அங்கே நின்று, தலையைச் சாய்த்துக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். கோபமில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. எனக்காக ஒரு காரணத்தைத் தேடி, ஒரு மாதமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேட்டது" என்றேன்.

என் குரல்தான் அது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "மத்த மேஜையெல்லாம் போயிருச்சு. ஹால்ல ஒரு சத்தமும் இல்லை. நல்லாக் கேட்டது."

"சரி" என்றாள் அவள். "அப்போ சத்தம் காரணம் இல்லை." அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேனகா பேனாவை மூடினாள். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். கிழித்தாவது போட்டிருக்கலாம். "பஸ்ஸு பதினொண்ணேகாலுக்குங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம் இல்லையா? இனி நாளைக்கு நான் என்ன சொல்ல முடியும்? நான் மாற்றிச் சொன்னால், "மேம் கேட்டதுன்னு சொன்னாங்களே" என்று சொல்லிவிடுவாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. கரஸ்பாண்டென்ட் என் பெட்டியை வாட்ச்மேன் அறைக்கு மாற்றியிருப்பார் இந்நேரம்.

முதலில் இதைத்தான் கேட்பார்களாம், டாக்டரம்மா சொன்னாள். பிள்ளை மறுத்தாளா, எத்தனை முறை மறுத்தாள், எப்படி மறுத்தாள். கையைப் பிடித்தபோது ஒரு தடவை. தலையைப் பிடித்தபோது ஒரு தடவை. முதல் உருண்டையைத் துப்பிவிட்டு ஒரு தடவை. பிரதீபா மூக்கை விடச் சொல்லி, இவள் மூச்சு வாங்கினபோது ஒரு தடவை. கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "வேண்டாம் மேம்" என்றாள். நாலு தடவை. நாலு தடவையும் 'மேம்' என்று சேர்த்துத்தான் சொன்னாள்.